மூலைத் துண்டு

"எலியப்பா, எலி. வீட்டில எலி இருக்கு. எத்தினை தரம் சொல்லுறது?"

"எலி கையால உடைக்குமா? சொல்லுங்க. மத்தத எல்லாம் விட்டுட்டு மூலைய மட்டும் பார்த்து, தூள் கூட உதிராம உடைச்சு எடுக்குமா?"

"கத்தாதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. கைறுவுக்குத் தெரியாம இந்த வீட்டில என்ன இருக்கு?"

தவமணி சொன்னது சரிதான். அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை. அப்போது நான் சுவருக்கு இந்தப் பக்கம் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். காய்ந்து முடிந்த மிளகாய்தான். ஆனாலும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே நின்றேன். பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும்போது உள்ளே போய்விடுவதுதான் மரியாதை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி நன்றாக வேலை செய்கிறதுபோல.

மகேந்திரராஜா நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் சாவகச்சேரிப் பக்கம். மாற்றலாகி மாத்தளைக்கு வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த தவமணிதேவியைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டார். பேச்சு மட்டும் மாறவில்லை. பெண்டாட்டியை ஏசுவதானாலும் 'நீர்' போட்டு மரியாதையாகத்தான் ஏசுவார். என் வீட்டுக்காரர் பஸீர் கொஞ்சுவதைவிட அது காதுக்கு நன்றாக இருக்கும்.

எலி இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லுமுன் தவமணியின் கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் பட்டர் கேக். கடையில் வாங்குவது அவளுக்குப் பிடிக்காது. பட்டரையும் சீனியையும் அவள் அடித்துக் குழைக்கும் சத்தத்திலேயே எங்கள் வீட்டுப் பூனை எழுந்து உட்காரும். சதுரத் தட்டில் ஊற்றி வேகவைப்பாள். சதுரத் தட்டுக்கு நான்கு மூலை. நடுவில் இருப்பது மெத்தை மாதிரி இருக்கும், பார்க்க அழகு, அது விருந்தாளிகளுக்கு. மூலை அப்படியில்லை. இரண்டு பக்கமும் தட்டோடு ஒட்டிச் சிவந்து, சீனி இறுகி, பல்லில் பட்டதும் நொறுங்கி, உள்ளே மட்டும் வெண்ணெயாக இருக்கும்.

அந்த நான்கு மூலையும் மூத்தவன் உமாசுதனுக்கு, தகப்பன் 'தம்பி' என்று கூப்பிடும் பிள்ளைக்கு. ஓவனிலிருந்து எடுத்த தட்டு ஆறும்போது தகரம் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து, கேட்டதும் கையால் உடைப்பான். கத்தி வைக்க விடமாட்டான். இளையவள் நிலக்ஷி பக்கத்தில் நின்று, "எனக்கு ஒரு மூலை" என்பாள். "அடுத்த கிழமை உனக்கு" என்பாள் தவமணி. அந்த அடுத்த கிழமை வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கும் சுவருக்கு மேலால் ஒரு தட்டு வரும். நல்ல நடுத்துண்டுகளாகப் பார்த்து அனுப்புவாள். நான் தட்டைக் கழுவி, வட்டிலப்பமோ எதுவோ வைத்துத் திருப்பி அனுப்புவேன். அத்தனை வருடமும் நடுத்துண்டு. விருந்தாளி மாதிரி. நான் குறை சொல்லவில்லை. சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

உமாசுதன் நாவுலையில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். மழை, மோட்டார் சைக்கிள், ஒரு லொறி. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள்.

எட்டாம் நாளுக்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவருடைய அறையில் வாழையிலை போட்டுப் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். வந்து சாப்பிட்டுப் போக அவருக்கு அவகாசம் கொடுப்பது. பிறகு கதவைத் திறந்து, மற்றவர்கள் சாப்பிடுவார்கள். அந்த எட்டு நாளும் தவமணி தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. ஆனால் எட்டாம் நாள் காலையில் எழுந்து, தானே பட்டர் அடித்து, கேக் வேகவைத்தாள். தட்டோடு கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கதவைத் திறந்தபோது ஒரு மூலை இல்லை.

எல்லாரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். தவமணி மட்டும் மெதுவாகப் போய், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டது தெரிந்த தாய் சிரிப்பாளே, அப்படி. அன்றைக்கு அவள் சோறு சாப்பிட்டாள்.

அதை உடைத்தது நான்.

அன்று நான் அவர்களுடைய குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குக் குசினிப் பக்கமாகவும் ஒரு கதவு உண்டு. அது சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆணியில் அவனுடைய சட்டை, கீழே ஹெல்மெட். அப்போது தட்டு 'டிக்' என்றது. என் கை போய்விட்டது. பசிகூட இல்லை. வாயில் போட்ட பிறகுதான் அது படைத்தது என்ற நினைப்பே வந்தது. படைத்ததை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள், அது ஊருக்கே தெரியும். அதனால் அந்த வீட்டில் இருந்த எல்லாரையும் எல்லாரும் ஒரு பார்வை பார்த்தார்கள், என்னை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

அவள் சிரித்த பிறகு எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மகேந்திரராஜா வீட்டை விற்கப்போவதாகக் கதை வந்தது. கதை என்ன, நானே ஆட்கள் வந்து கூரையை அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்தேன். கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் அவருடைய தங்கச்சி வீட்டுப் பக்கம் இருக்கப்போகிறார்களாம். தவமணி சுவரில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"அவன் வந்தா எங்கள எங்கே தேடுவான் கைறு? அவனுக்கு வெள்ளவத்தை தெரியாதே."

எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. என் மகன் கட்டாரில். மகள் றிஸ்லா கட்டிக்கொண்டு கலேவெலவில். பஸீர் கடைக்குப் போனால் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வருவார். வந்தாலும் மிளகு விலையைத் தவிர வேறு பேச்சு வராது. அந்த வீட்டையும் பூட்டிவிட்டால் என் வீட்டுக்குச் சத்தம் எங்கிருந்து வரும்?

அந்த மாதத்து அமாவாசைக்கு அவள் மறுபடியும் படைத்தாள். மாதாமாதம் அப்படிச் செய்வது அவர்களுடைய சாத்திரத்திலேயே இல்லையாம், ஐயர் சொன்னாராம். அவள் கேட்கவில்லை. அறையைச் சாத்திவிட்டு எல்லாரும் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். திரும்பி வந்து திறப்பார்கள். போகும்போது பின்கதவுச் சாவி என்னிடம் வரும். அது பழைய பழக்கம். அந்த வீட்டுச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள என்னைவிட்டால் யார்?

யோசித்து, தெரிந்து மூலையை எடுத்தது அந்த முறைதான் முதல். மகன் வந்துபோகும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று தவமணி சொல்லிவிட்டாள். வீடு வாங்க வந்தவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள்.

அமாவாசை விரதம் என்பதால் முட்டை போடாமல், தயிரும் டின் பாலும் விட்டுத்தான் கேக் செய்வாள். சொன்னால் என்ன, அது நன்றாக இருக்காது. கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் புளிக்கும். மாதாமாதம் அதைத் தின்றவள் நான். அதைத் தியாகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆசைப்பட்டுத் தின்றேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

மீதி மூன்று மூலையையும் தவமணி காக்கைக்கு வைப்பாள். நிலக்ஷிக்கு அப்போதும் நடுத்துண்டு.

முதலில் சொன்ன எலிச் சண்டை, பையன் போய் ஒரு வருடம் ஆனபோது நடந்தது. அது முடிந்த அடுத்த அமாவாசைக் காலையில் மகேந்திரராஜா ஒரு கிண்ணத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, கொஞ்சம் கோதுமை மா தருவீரோ?"

"என்னண்ணே, இனி நீங்களா கேக் போடப் போறீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எலியைப் பிடிக்கத்தான். அறைக்குள்ள நிலத்தில தூவி விடுறன். கால் அடையாளம் விழும்தானே. தேவிக்குச் சொல்லவேண்டாம்."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?"

அன்று நான் சொன்னதில் பொய் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் கோயிலுக்குப் போனதும் சாவியையும், ஒரு அரிதட்டையும், விளக்குமாற்றையும், அதே பையிலிருந்து இன்னும் கொஞ்சம் மாவையும் எடுத்துக்கொண்டு போனேன். நடந்துபோய் மூலையை எடுத்தேன். பின்னால் நடந்தபடியே கூட்டிக்கொண்டு வந்தேன். பிறகு தூவினேன். அரிதட்டில் சலித்தால் பனி மாதிரி ஒரே சீராக விழுந்தது. அவர் கையால் தூவியதோ திட்டுத்திட்டாக இருந்தது. ஆகவே அரிதட்டை வைத்துவிட்டு, நானும் கையால் திட்டுத்திட்டாகவே தூவினேன். சில வேலைகளை நேர்த்தியாகச் செய்யக்கூடாது.

அவர் கதவைத் திறந்தபோது நான் சுவரடியில் நின்றேன். பிறகு கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். வேட்டி முழுக்க மாவாக, அந்த மனிதர் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி வந்திருக்கிறான்" என்றார். தவமணியிடம் இல்லை. யாரிடமும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. சண்டையில்லாத வீட்டை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

நானும் ஒருமுறை பயந்தேன், அதையும் சொல்லவேண்டும். றிஸ்லாவின் நாத்தனார் நிக்காஹ்வுக்குக் கலேவெலவுக்குப் போயிருந்தேன். போன இடத்தில்தான் அன்று அமாவாசை என்று ஞாபகம் வந்தது. சாவியை வாங்கி வைக்க அங்கே நான் இல்லை. இன்றைக்கு மூலை அப்படியே இருக்கும், தவமணி என்ன ஆகப்போகிறாளோ என்று புரியாணியைத் தொடாமலே எழுந்துவிட்டேன். மறுநாள் வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் சுவரடிக்குப் போனேன்.

"வந்தானா?"

"வராம இருப்பானா? மூலைய எடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள் தவமணி, துணி பிழிந்துகொண்டே.

அன்றிரவு எனக்குக் காய்ச்சல். பஸீர், "கல்யாண வீட்டுச் சாப்பாட்ட ஒரு கை பார்த்திருப்பே" என்றார். அதன்பிறகு அந்த அறைக்குள் போகும்போது ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனேன். யாருக்குச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். மூலையை உடைக்கும்போது, யாரோ எனக்குப் பின்னால் தன் முறைக்காக நிற்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனால் போகாமல் இருக்கவுமில்லை. நான் மட்டும் எடுக்கவில்லையே, அவனும் வருகிறானே என்று ஒரு நிம்மதி.

தவமணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. கேக் அடிக்கும்போது நடுவில் நிறுத்தி உட்கார்ந்துவிடுவாள். அடிக்கும் சத்தம் நிற்பது எனக்குக் கேட்கும். கண்டியில் காட்டினார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். ஒப்பரேஷன் செய்தால் நல்லாகிவிடும், தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னதை நிலக்ஷிதான் வந்து சொன்னாள். கொழும்பில் திகதியும் கொடுத்திருந்தார்கள்.

"அம்மா மாட்டேங்கிறாங்க மாமி. அமாவாசைக்கு அண்ணன் வருவானாம், இவங்க ஆஸ்பத்திரியில இருந்தா யார் வைக்கிறதுன்னு கேக்கிறாங்க. நான் வைக்கிறேன்னு சொன்னா, உன் கேக்க அவன் தொடமாட்டான்னு சொல்றாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்."

"சொல்றேன் மகள்" என்றேன். சொல்லவும் செய்தேன். என் வாப்பா ஒப்பரேஷன் மேசையிலேயே மௌத்தானதையும் சொன்னேன். மறைத்து என்ன பிரயோசனம், அதுவும் நடந்ததுதானே.

ஒப்பரேஷன் முடிந்தால் மாதக்கணக்கில் வெள்ளவத்தையில் தங்கவேண்டும், அப்படியே வீட்டையும் கொடுத்துவிடலாம் என்று மகேந்திரராஜா தொலைபேசியில் தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் எனக்குக் கேட்டது. அவர் எப்போதும் முற்றத்தில் நின்றுதான் பேசுவார்.

ஒருநாள் தவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"நான் அவன்கிட்டயே கேட்டுட்டேன் கைறு. இந்த அமாவாசைக்கு மூலை அப்படியே இருந்திச்சின்னா, 'போயிட்டு வாங்கம்மா'ன்னு சொல்றான். எடுத்தான்னா, 'என்னை விட்டுட்டுப் போகாதீங்க'ங்கிறான். நிலக்ஷிகிட்டயும் அவங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். எதுன்னாலும் அவன் சொல்றதுதான்."

"அல்லா லேசாக்குவான்" என்றேன்.

அது றமழான் மாதம். போன றமழானில் அவர்கள் கோயிலுக்குப் போனது நாங்கள் நோன்பு திறந்த பிறகு. நோன்பு முடியப்போகிற சமயத்தில்தான் அவர்களுக்கு அமாவாசை வரும். நாங்கள் பிறை தேடும் வானமும் அவர்கள் இருட்டு என்று விரதம் பிடிக்கும் வானமும் ஒன்றுதானே. பெருநாளுக்கு நானும் பட்டர் கேக் அடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கோயிலுக்குப் புறப்படும்போது நிலக்ஷி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரித்த முகமாக இருந்தாள்.

"நாளைக்கழிச்சு நாங்க கொழும்புக்குப் போறோம் மாமி."

"இன்ஷா அல்லா" என்றேன்.

பின்கதவைத் திறந்து போய், அறைக்கு வெளியே குசினியில் நின்றேன். உடனே உள்ளே போகவில்லை. அவனுக்கு அவகாசம் கொடுத்தேன். அவனே வந்து எடுத்துக்கொண்டால் என்மேல் ஒன்றுமில்லையே. கோயில் மணி கேட்டது. பூசை முடியப்போகிறது. கதவைத் தள்ளிப் பார்த்தேன். விளக்கு அசையாமல் எரிந்தது. சட்டை ஆணியில் இருந்தது. நான்கு மூலையும் அப்படியே இருந்தன.

அவன் எடுக்கவில்லை. அம்மாவைப் போகச் சொன்னான். அது எனக்கு உங்களுக்குத் தெரிவதுபோலவே தெளிவாகத் தெரிந்தது.

நான் எடுத்தேன்.

எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் நோன்பு ஞாபகம் வந்தது. எங்கே போடுவது? முற்றத்தில் போட்டால் காக்கை கிளறும், பார்த்துவிடுவார்கள். என் வீட்டுக்குக் கொண்டுபோனால் வழியில் யாராவது பார்க்கலாம். சாப்பாட்டை வீசுவதும் பாவம். தின்றுவிட்டேன். புளிப்பாக இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என் கேக்கை ஓவனில் வைத்தேன்.

அன்று அந்த வீட்டிலிருந்து நிலக்ஷியின் குரல் கேட்டது. சத்தம் போட்டாள், கெஞ்சினாள், அப்பாவிடம் எதையோ கேட்டு அழுதாள். "சத்தியமா இல்லையம்மா, நான் ஒரு நாளும் தொட்டதில்லை" என்று மகேந்திரராஜா சொன்னது மட்டும் விளங்கியது. ஒப்பரேஷன் திகதி வந்தது, போனது. தவமணி சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சனிக்கிழமை, பட்டர் அடிக்கும் சத்தம் நின்றது. நான் மறுபடி தொடங்கும் என்று காத்திருந்தேன்.

அவளுடைய எட்டுக்கு நிலக்ஷி கேக் செய்தாள். முட்டை போட்டு, அம்மாவின் தட்டில். எல்லாரும் என்னைக் குசினியில் ஒத்தாசைக்குக் கூப்பிட்டார்கள். நான் நோன்பு என்று சொல்லி வெளியே கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். உண்மையாகவே நோன்புதான். றமழானில் விட்டதைக் கழாச் செய்ய, வேறு நாளில் திருப்பிப் பிடிக்க வேண்டுமே, அதற்கு அந்த நாளை எடுத்துக்கொண்டேன். நோன்பு இருந்தால் கை போகாது. அந்த அறைக்குள் இப்போது இரண்டு பேர் இருப்பார்கள் என்ற நினைப்பும் இருந்தது.

கதவைத் திறந்தார்கள். தட்டில் ஒன்றும் குறையவில்லை.

நிலக்ஷி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து, என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அம்மா வரல்ல மாமி. என்மேல கோவம்."

"அப்படிச் சொல்லாதே மகள்."

"உங்களுக்குத் தெரியாது. நீங்க கலேவெலவுக்குப் போன மாசம், எனக்குக் கோயிலுக்குப் போகக் கூடாத நாள், வீட்டில இருந்தேன். எட்டிப் பார்த்தா மூலை அப்படியே இருக்கு. எப்பவும் அப்பாதான் அம்மாவுக்காக எடுக்கிறார்னு நினைச்சிருந்தேன். அன்னைக்கு மறந்துட்டார்னு நினைச்சு நான் எடுத்துச் சாப்பிட்டேன். வாழ்க்கையில முதல் தடவையா மூலை சாப்பிட்டேன் மாமி. நல்லாவே இல்ல." அவள் தோள் குலுங்கியது. "அப்பா எடுக்கல்ல. ஒரு நாளும் எடுக்கல்லையாம். அண்ணன் உண்மையாவே வந்திருக்கான். அவன் பங்க நான் தின்னுட்டேன். அதுக்குத்தான் அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டான்."

அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை எழுந்து நடந்திருக்கும். ஆனால் நோன்பு நேரம், நாக்கு வறண்டிருந்தது, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எனக்கும் ஒரு பாரம் இறங்கினதுபோல இருந்தது. அந்தக் கலேவெல மாதத்துக்கு இப்போது விடை தெரிந்துவிட்டதே. "அழாதே மகள், விதி" என்றேன்.

நிலக்ஷி சொன்னதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. றிஸ்லாவிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன், மகள் அல்லவா. அவள் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள்போல. அந்த அம்மாவுக்கு மாத்தளையில் இரண்டு தங்கச்சிமார். சுற்றி வந்து எங்கள் தெருவுக்கே சேர்ந்தபோது, மாதாமாதம் படையலைத் திருடித் தின்று, தாயை ஒப்பரேஷனுக்குப் போகவிடாமல் செய்தது நிலக்ஷிதான் என்று கதை வளர்ந்திருந்தது. நான் திருத்தலாம்தான். ஆனால் ஒருவர் சொல்லும் கதையில் நடுவில் புகுந்து பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

மகேந்திரராஜாவின் காதுக்கும் அது போயிற்று. மகளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்த மாவை அவர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். கோயில் கூட்டத்தில் நழுவி வந்துபோகவும், அடையாளமே விழாமல் நடக்கவும் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரிந்திருக்கும் என்று எண்ணியிருப்பார்.

பேசி வைத்திருந்த ஒரு சம்பந்தம் தட்டிப்போய், நிலக்ஷி பிறகு கண்டியில் வங்கியில் வேலை பார்க்கும் மதுரன் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளை. கல்யாணத்துக்கு நானும் போனேன். கேக் வெட்டவில்லை; மணப்பெண் வேண்டாம் என்றாளாம். எதற்கு என்று பலர் கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னேன். மகேந்திரராஜா கும்பிட்ட கையோடு வாசலில் நின்றுவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டார். இப்போது சாவகச்சேரியில் தமையன் வீட்டில் இருக்கிறார். தகப்பனும் மகளும் இன்னும் பேசுவதில்லை என்று கேள்வி. நிலக்ஷிக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்து, உமாசுதனுடைய பெயரையே வைத்திருக்கிறாளாம். வீட்டில் ஓவன் வாங்க விடமாட்டாளாம்.

பக்கத்து வீட்டுக்கு நாவுலையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கொஞ்ச நாளிலேயே காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், காரணம் சொல்லவில்லை. இப்போது பூட்டித்தான் கிடக்கிறது. பின்கதவுச் சாவி என்னிடமே இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில், காற்றில்லாத பகலில், அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு தகரம் ஆறுகிற மாதிரி 'டிக்' என்கிறது. பஸீர் எலி என்கிறார். நானும் எலி என்றே சொல்லிக்கொள்கிறேன். அந்த வீட்டுக்கு நான் தரவேண்டியது ஒன்றும் இல்லை. என் கணக்கில் இருந்தது அந்த ஒரு நோன்பு. அதை நான் பிடித்துவிட்டேன்.